எசன்ஸா, அசலா? வெனிலா வாங்குவதும் வீட்டில் ஊறவைப்பதும்

கேள்வி இதுதான்: பினாங்கில் வீட்டிலிருந்தே கேக்கும் பிஸ்கட்டும் செய்து தீபாவளி ஆர்டர் எடுப்பவருக்கு, பேக்கரி சாமான் கடையில் வெனிலா எசன்ஸ் (செயற்கை வாசனை) சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது. அதே அலமாரியில் இருக்கும் அசல் எக்ஸ்ட்ராக்ட், அதாவது வெனிலா காயை மதுவில் ஊறவைத்து எடுத்த சாறு, அதைப்போல் பல மடங்கு விலை. அவ்வளவு கொடுத்தால் சாப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியுமா? வோட்காவில் காயைப் போட்டு வீட்டிலேயே செய்துகொண்டால் மிச்சமாகுமா?

பிஸ்கட்டுக்கும் சாக்லேட் கேக்குக்கும் எசன்ஸே போதும். அடுப்பின் கடும் சூட்டைப் பார்க்காத பண்டங்களுக்கு, அதாவது ஐஸ்கிரீம், கஸ்டர்ட், அடித்த கிரீம் போன்றவற்றுக்கு, அசலுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. வீட்டில் ஊறவைப்பது பெரும்பாலும் மிச்சம்தான். ஆனால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், காயை எண்ணாமல் எடைபோட வேண்டும், உங்கள் கேக்கை யார் சாப்பிடப்போகிறார்கள் என்றும் யோசிக்க வேண்டும். நம் ஊரில் இந்தக் கடைசி விஷயம் சின்ன விஷயமில்லை.

முதலில் விலை ஏன் இப்படி. வெனிலா என்பது மெக்சிகோ பக்கத்து ஆர்க்கிட் கொடி ஒன்றின் காய். பூ ஒரே ஒரு காலைப்பொழுது விரிந்து வாடிவிடும். சொந்த மண்ணைவிட்டு வெளியே நட்டால் தானாகக் காய் பிடிப்பது அபூர்வம். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். ஒரு குச்சியும் கட்டைவிரலும் கொண்டு அதை நொடியில் செய்யும் வித்தையை 1841-ல் ரியூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். தோட்டங்களில் இன்றும் அதே வித்தைதான். காய் முற்ற ஒன்பது மாதம். பறித்த பச்சைக் காயில் வாசமே இருக்காது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, வெயில் காட்டி, பெட்டியில் மூடிவைத்துப் பக்குவப்படுத்த மாதக்கணக்கில் ஆகும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் கடைசியில் ஒரு கிலோ கறுப்புக் காயாகச் சுருங்கும்.

அந்தக் கறுப்புக் காயின் எடையில் ஒன்றிலிருந்து இரண்டு விழுக்காடு வெனிலின். வெனிலா என்றதும் நம் மூக்கில் முதலில் படுவது இந்தப் பொருள்தான். இதை 1858-ல் கோப்லே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தனியே பிரித்தார். 1874-ல் ஜெர்மனியில் டீமனும் ஹார்மனும் ஊசியிலை மரத்துச் சத்திலிருந்து அதைச் செய்துகாட்டினார்கள். இன்று சந்தையில் உள்ள வெனிலினில் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் குவாயகோல் என்ற வேதிப்பொருளில் தயாராகிறது. கொஞ்சம் மரக்கூழிலிருந்து வருகிறது. காயில் உள்ள வெனிலினுக்கும் தொழிற்சாலை வெனிலினுக்கும் மூலக்கூறில் ஒரு வேறுபாடும் இல்லை. ஆகவே எசன்ஸை ‘விஷம்’ என்று பயமுறுத்துவதில் அர்த்தமில்லை. நீர்நாய் போன்ற ஒரு பிராணியின் சுரப்பியிலிருந்து எடுக்கிறார்கள் என்று சுற்றிவரும் செய்தியையும் விட்டுத்தள்ளலாம். அந்தப் பொருள் வெனிலினைவிடப் பல மடங்கு விலை, மலிவு எசன்ஸில் அதை எவரும் ஊற்றமாட்டார்கள்.

அப்படியானால் காயில் என்ன கூடுதல்? வெனிலினோடு இருநூறுக்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் அதில் சின்னச் சின்ன அளவில் இருக்கின்றன. உலர்ந்த திராட்சை, மரப்பட்டை, லேசான புகை, பூ என்று பின்னால் எழும் வாசங்களெல்லாம் அவற்றால் வருபவை. எசன்ஸ் ஒற்றைத் தந்தியை மீட்டுவது போல; காயோ கச்சேரி. ஆனால் கச்சேரியை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கேட்கும்.

170, 180 டிகிரி ஓவனில் பிஸ்கட் மெல்லியதாகப் பரவி, உள்வரை சூடேறி, ஈரம் போய்க் காய்கிறது. அந்த நுண்ணிய வாசங்களில் பல ஆவியோடு போய்விடும். வெனிலின் லேசில் ஆவியாகாது, தங்கிவிடும். கடைசியில் அசல் ஊற்றிய பிஸ்கட்டிலும் எசன்ஸ் ஊற்றிய பிஸ்கட்டிலும் முக்கியமாக மிஞ்சுவது ஒரே பொருள். அதற்குமேல் வறுபட்ட பட்டரும் நெய்யும் சர்க்கரையும் தங்கள் வாசத்தை ஏற்றிவிடும். இன்னொன்று: பல எசன்ஸ்களில் எத்தில் வெனிலினும் சேர்ந்திருக்கும். அது வெனிலினைவிட இரண்டிலிருந்து நான்கு மடங்கு காட்டமானது, ஆகவே ஓவனுக்குப் பின்னும் நன்றாகவே எடுத்துக்காட்டும். கண்கட்டிச் சுவைபார்த்தால் பிஸ்கட்டில் எசன்ஸ் ஜெயிப்பதும் உண்டு. கஸ்டர்ட் பவுடர் போட்டுச் செய்யும் செம்பெரிட் பிஸ்கட்டில் அசலை ஊற்றுவது சுத்த வீண். அந்தப் பவுடரிலேயே வெனிலின் இருக்கிறது.

பட்டர் கேக் நடுவில் நிற்கிறது. அதன் உள்பக்கம் நூறு டிகிரியைத் தாண்டுவதில்லை, கொழுப்பும் நிறைய, வாசம் ஓரளவு தங்கும். வேறு வாசனை எதுவும் சேர்க்காத வெறும் பட்டர் கேக் என்றால் அசல் தெரியும். அதுவே சுஜி (ரவை) கேக்காகி, பாதாமும் பிராண்டியும் ஜாதிக்காயும் ஏறிவிட்டால் தெரியாது. சாக்லேட், வாழைப்பழம், மைலோ கேக் எல்லாவற்றிலும் எசன்ஸ்தான் புத்திசாலித்தனம்.

அடுப்பைவிட்டு இறக்கிய பின் சேர்க்கும் எதிலும் கணக்கு மாறிவிடும். பாலும் முட்டையும் காய்ச்சிய கஸ்டர்ட், பட்டர் ஐசிங், அடித்த கிரீம், புட்டிங், ஐஸ்கிரீம்: இவற்றில் எசன்ஸ் ஊற்றினால் மருந்துக்கடை வாசம் அடிக்கும், அசலை ஊற்றினால் வாய் மணக்கும். குளிர் வாசத்தை அமுக்கும் என்பதால் ஐஸ்கிரீமுக்கு வழக்கமான அளவைவிட ஒன்றரை மடங்கு ஊற்றுங்கள்.

நம் பலகாரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேசரியிலும் பாயசத்திலும் வெனிலா ஊற்றும் பழக்கம் இங்கே சிலரிடம் உண்டு. ஏலக்காய் இருக்கும் இடத்தில் வெனிலாவுக்கு வேலையில்லை. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று கெடுக்கும். தேங்காய்ப்பால் பண்டங்களுக்கோ பாண்டான் இலை இரண்டு மூன்றை முடிச்சுப்போட்டு வேகவிடுவதற்கு நிகராக எந்த வெனிலாவும் வராது, அசலானாலும் சரி.

கடையில் வாங்கும்போது முன்பக்கத்துப் பூப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். மலாயில் ‘எக்ஸ்ட்ராக் வனிலா’ என்று எழுதி, பொருள் பட்டியலில் வெனிலா காய், ஆல்கஹால், தண்ணீர், சில சமயம் சர்க்கரை என்று இருந்தால் அசல். ‘பெரிசா வனிலா’, ‘பெரிசா திருவான்’, அல்லது ‘பெரிசா யாங் டிபெனார்க்கான்’ என்று இருந்தால் அது சுவையூட்டி; அடியில் தண்ணீர், புரோபிலீன் கிளைக்கால், வெனிலின், நிறம் என்று வரும். ‘எசென்’ என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது, சில நாடுகளில் அசலுக்கும் அந்தப் பெயர்தான். கறுத்த நிறமும் சாட்சியில்லை. கருக்கிய சர்க்கரைப் பாகின் நிறத்தை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். வெனிலா பேஸ்ட்டிலும் ஐஸ்கிரீமிலும் தெரியும் கரும்புள்ளிகளும் அப்படித்தான். சாறெல்லாம் எடுத்து முடித்த சக்கையின் விதைகளைத் தூவியிருக்கலாம்; விதையில் தனியாகப் பெரிய வாசமில்லை, காயின் சதையிலும் தோலிலும்தான் அதிகம். பேக்கரிக் கடைகளில் ‘வெனிலா பவுடர்’ என்று விற்கும் வெள்ளைத் தூள் பெரும்பாலும் தொழிற்சாலை வெனிலின். ஒரு கிலோ மாவுக்கு ஒரு சிட்டிகை போதும், கூடினால் கசக்கும்.

புட்டியை முகர்ந்து ஒப்பிடாதீர்கள், ஆல்கஹால் நெடி மூக்கை மறைத்துவிடும். அரை டம்ளர் குளிர்ந்த பாலில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்து, கால் தேக்கரண்டி ஊற்றிக் கலக்கிக் குடித்துப் பாருங்கள். வாங்கியதையும் வீட்டில் செய்ததையும் இதேபோல் சோதிக்கலாம்.

இனி வீட்டில் ஊறவைப்பது.

அளவுக்கு ஒரு நல்ல அடிப்படை உண்டு. அமெரிக்க உணவுச் சட்டம் வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்ற பெயருக்கு வைத்திருக்கும் வரையறை: ஒரு கேலனுக்கு 13.35 அவுன்ஸ் காய், ஆல்கஹால் குறைந்தது 35 விழுக்காடு. நம் கணக்கில் லிட்டருக்கு 100 கிராம். ஆக 250 மில்லிக்கு 25 கிராம், 700 மில்லி வோட்கா புட்டி முழுதாக என்றால் 70 கிராம். ‘ஒரு கப்புக்கு மூன்று காய்’ என்று சொல்லும் குறிப்புகளை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒல்லிக் காய் இரண்டு கிராம்கூட வராது. பதினெட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள கொழுத்த காய் ஐந்து கிராமைத் தொடும். மூன்று காய் போட்டது வெனிலா வாசமடிக்கும் வோட்காவாகத்தான் இருக்கும். ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையல் தராசு போதும்.

காயில் ஏ தரம், பி தரம் என்று விற்கிறார்கள். ஏ தரம் மினுமினுப்பாக, வளைந்து கொடுக்கும், ஈரம் அதிகம். விதையைச் சுரண்டிக் கஸ்டர்டில் போட அது சரி. ஊறவைக்க பி தரமே மேல்: ஈரம் குறைவு என்பதால் எடைக்கு எடை சரக்கு அதிகம், விலையும் குறைவு. முறித்தால் படக்கென்று ஒடியும் அளவுக்குச் சுள்ளியாகக் காய்ந்தது மட்டும் வேண்டாம். ஊர் என்று பார்த்தால், மடகாஸ்கர் காய் நாம் பழகிய இனிப்பு வாசம். பக்கத்து இந்தோனேசியக் காய் மரவாசனை தூக்கலாக இருக்கும், சிலது நெருப்பில் உலர்த்தியதால் புகையடிக்கும்; சாக்லேட்டுக்கு அது நல்ல ஜோடி. தஹித்தி வகைக் காய் பூவாசம், சோம்பு வாசம் கொண்டது. கிரீமுக்கு அருமை, ஓவனுக்கு வீண்.

மதுவுக்கு 40 விழுக்காடு வோட்கா. வாசமற்ற, நடுத்தர விலையில் உள்ளது போதும். ரம் சேர்த்தால் வெல்லப்பாகு வாசமும், பிராண்டி சேர்த்தால் பழவாசமும் கூடவே வரும். கிறிஸ்துமஸ் பழக் கேக்குக்கென்று தனியாக ஒரு சின்ன புட்டி ரம்மில் போட்டுவைக்கலாம். 35 விழுக்காட்டுக்குக் கீழ் உள்ளதைத் தொடாதீர்கள்: வாசம் முழுதாக இறங்காது, நாள்பட்டால் கெட்டும் போகும். அதற்காகச் சுத்த ஆல்கஹாலுக்கும் ஓடவேண்டாம். வெனிலாவின் சத்துகளில் சில தண்ணீரில் கரைபவை, சில ஆல்கஹாலில் கரைபவை. பாதிக்குப் பாதி போன்ற கலவைதான் இரண்டையும் இழுக்கும். காட்டம் மிகுந்தால் காய் விறைத்து மரக்கசப்பு இறங்கும். லேபிள் இல்லாத மலிவுச் சரக்கு, சம்சு வகை எதுவும் வேண்டவே வேண்டாம். 2018-ல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்தார்கள். மெத்தனால் காயோடு ஊறினாலும் மெத்தனால்தான்.

கண்ணாடிப் புட்டியை வெந்நீரில் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் காயவிடுங்கள். காயை நீளவாக்கில் கத்தியால் கீறி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். விதையைத் தனியே சுரண்ட வேண்டியதில்லை. மிக்ஸியில் அரைத்துப் போட்டால் சீக்கிரம் இறங்கும், ஆனால் வடிகட்டவே முடியாத சேறாகிவிடும். வோட்காவை அளந்து ஊற்றுங்கள். எல்லாத் துண்டும் ஒரு விரல்கடை ஆழத்தில் முங்கியிருக்க வேண்டும். தேதியையும் எடையையும் எழுதி ஒட்டி, இருட்டு அலமாரியில் வையுங்கள். அடுப்புக்கு மேல் தட்டும் வேண்டாம், ஐஸ்பெட்டியும் வேண்டாம்; குளிரில் இறங்குவது மந்தமாகிவிடும். நம் ஊரின் முப்பது டிகிரி இதற்கு உதவிதான். முதல் மாதம் வாரம் இருமுறை குலுக்குங்கள், பிறகு நினைத்தபோது.

சில நாளிலேயே தேநீர் நிறம் வந்துவிடும். அதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். நிறம் முதலில் இறங்கும், வாசம் பின்னால்தான் வரும். எட்டு வாரத்தில் கேக்குக்கு ஆகும். ஆறு மாதத்தில் வோட்காவின் கூர்மை தணிந்து உருண்டு வரும். ஓராண்டு இன்னும் நல்லது. சித்திரைப் புத்தாண்டு வாக்கில் ஊறப்போட்டால் தீபாவளிக்குக் கணக்காக இருக்கும். புரட்டாசியில் ஞாபகம் வந்தால், இந்த ஆண்டுக்குக் கடையில் வாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டுக்கு ஊறப்போடுங்கள்.

அவசரத்துக்குச் சூடுகாட்டும் குறுக்குவழி ஒன்று பரவியிருக்கிறது: புட்டியோடு பிரஷர் குக்கரில் வைப்பது. செய்யாதீர்கள். 40 விழுக்காடு ஆல்கஹாலின் ஆவி சுமார் 26 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. நம் சமையலறையின் சாதாரண வெப்பமே அதற்குமேல். கேஸ் அடுப்பு எரியும்போது அதைச் சூடுபண்ணுவது விளையாட்டல்ல.

என்ன கெடும் என்று பார்த்தால், பெரும்பாலான புகார் ‘வோட்கா வாசமே அடிக்கிறது’ என்பது. ஒன்று நாள் போதவில்லை, அல்லது காய் போதவில்லை. ஆறு மாதம் கழிந்தும் அப்படியே என்றால் இன்னும் பத்துக் கிராம் காய் சேர்த்து மூன்று மாதம் விடுங்கள். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதந்தால் அது காயின் சொந்த எண்ணெய், குலுக்கினால் போய்விடும். அடியில் தங்கும் கலங்கலும் கெடுதலில்லை. காபி வடிதாளில் ஊற்றினால் தெளியும். துண்டுகள் வழவழவென்று, மது பாகுபோல் நூல்விட்டால் காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது அல்லது மதுவின் காட்டம் குறைவு என்று பொருள். புளித்த வாடையும் சேர்ந்திருந்தால் கொட்டிவிடுங்கள். தீரத்தீர வோட்கா ஊற்றி நிரப்பிக்கொண்டே போகலாம், காலத்துக்கும் வரும் என்கிறார்கள், வராது. காயில் இருப்பது இறங்கிவிட்டால் இறங்கியதுதான். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அதே விகிதத்தில் புதுக் காயும் போடவேண்டும்.

காயை மொத்தமாக வாங்கிவைப்பவர்களுக்குப் பினாங்கின் புழுக்கம்தான் எதிரி. மெழுகுத் தாளில் சுற்றி, இறுக்கமான கண்ணாடி ஜாடியில், அறை வெப்பத்தில் வையுங்கள். ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்து வைத்து எடுத்தால் வியர்த்துப் பூஞ்சை வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். காயின்மேல் வெள்ளையாகக் கண்டதும் தூக்கி எறியவேண்டாம். வெளிச்சத்தில் ஊசி ஊசியாக மின்னினால் அது வெனிலின் படிகம், காய் உயர்ந்த ரகம் என்பதற்கு அடையாளம். மங்கலாக, பஞ்சுபோல், புழுங்கிய வாடையோடு இருந்தால் பூஞ்சை. அந்தக் காயை மட்டுமல்ல, அதை ஒட்டியிருந்ததையும் எடுத்துவிடுங்கள். வோட்காவில் போட்டால் சரியாகிவிடும் என்று எண்ணவேண்டாம். கிருமி சாகும், அது விட்டுப்போன கழிவு சாகாது.

அடுத்தது, யார் சாப்பிடுகிறார்கள் என்பது. திறந்த இல்ல உபசரிப்பு என்றால் முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள். ஆர்டர் எடுப்பவர் என்றால் அவர்களும் வாங்குவார்கள். ‘ஓவனில் ஆல்கஹால் பறந்துவிடும்’ என்பது இங்கே பதிலாகாது. நிலைப்படுத்துவதற்காக ஆல்கஹால் கலந்த சுவையூட்டிகளைப் பற்றி 2011-ல் மலேசியாவின் தேசிய ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) மன்றம் எடுத்த முடிவில் இரண்டு நிபந்தனை: அந்த ஆல்கஹால் மதுத் தயாரிப்பிலிருந்து வந்ததாக இருக்கக்கூடாது, முடிவான பண்டத்தில் 0.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வோட்காவில் ஊறியது முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுப்போகும், அளவு எவ்வளவு குறைவானாலும். ஆகவே அவர்களுக்குப் போகும் பண்டத்துக்கு ஹலால் முத்திரையுள்ள சுவையூட்டி, அல்லது மதுவே இல்லாத வழி.

மதுவில்லா வழிகளில் கிளிசரின் ஒன்று. உணவுத் தரம் என்று தெளிவாக எழுதிய தாவரக் கிளிசரின் மூன்று பங்கு, கொதித்து ஆறிய நீர் ஒரு பங்கு. காய் அதே லிட்டருக்கு 100 கிராம், கஞ்சத்தனம் வேண்டாம். கிளிசரின் எளிதில் தீப்பற்றாது. ஆகவே புட்டியைக் கைபொறுக்கும் வெந்நீரில் அவ்வப்போது அரைமணி நேரம் நிறுத்திவைத்து வேகப்படுத்தலாம். நீர் கூடிவிட்டால் கெடும், ஆகவே கிளிசரினின் பங்கைக் குறைக்காதீர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் வோட்காவில் ஊறியதைவிட மெலிந்துதான் இருக்கும். ஒன்றரை மடங்கு ஊற்ற வேண்டும். தோலுக்குப் பூசவென்று மருந்துக்கடையில் விற்கும் கிளிசரின் இதற்கு ஆகாது. இன்னும் சுலபம் வெனிலா சர்க்கரை: அரைக்கிலோ சர்க்கரையில் கீறிய காய் ஒன்றைப் புதைத்து மூன்று வாரம். நம் புழுக்கத்தில் கட்டிதட்டும் என்பதால் காயைத் தாளில் ஒருநாள் உலர்த்திவிட்டுப் போடுங்கள், எறும்பு ஏறாத மூடியாகப் பாருங்கள்.

விலைக்கணக்கை நீங்களே போடலாம். காயின் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். உதாரணத்துக்கு பி தரக் காய் கிராமுக்கு 2 வெள்ளி, 700 மில்லி வோட்கா 90 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 70 கிராமுக்கு 140, மொத்தம் 230 வெள்ளி. நூறு மில்லிக்கு ஏறத்தாழ 33. கடையில் அசல் நூறு மில்லி இதைவிடக் குறைவாகக் கிடைத்தால் ஊறவைப்பதில் லாபமில்லை. ஓராண்டில் இரண்டு மூன்று கேக் மட்டும் செய்பவருக்கும் இந்த வேலை தேவையில்லை. அவர் ஒரு சின்ன புட்டி வாங்கிக்கொள்ளட்டும்.

பயன்படுத்தும்போது, 250 கிராம் பட்டர் போடும் கேக்குக்கு ஒரு தேக்கரண்டி. கடைசியில் மாவில் ஊற்றாமல், பட்டரும் சர்க்கரையும் அடிக்கும்போதே ஊற்றுங்கள். வாசத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். பால் பண்டங்களில் அடுப்பை அணைத்து, ஆவி அடங்கிய பிறகு. செய்முறையில் ஒரு முழுக் காய் கேட்டிருந்தால் இரண்டிலிருந்து மூன்று தேக்கரண்டி எக்ஸ்ட்ராக்ட் ஈடாகும்.

வடிகட்டிய பின் மிஞ்சும் சக்கையை எறிய வேண்டாம். தாளில் பரப்பி, நன்றாகக் காய்ந்ததும் சர்க்கரையோடு பொடித்தால் பிஸ்கட்டின்மேல் தூவ ஆகும். ஆனால் அது வோட்காவில் ஊறிய சக்கை. ஹலால் ஆர்டருக்கென்று வைத்திருக்கும் சர்க்கரை ஜாடியில் அதைக் கலந்துவிடாதீர்கள்.